தட்டில் தங்கிய குரல்

தோட்டத்துக் கல்யாண வீடுகளிலும் மாரியம்மன் திருவிழாப் பந்தல்களிலும் ஒலிபெருக்கி வழியாகப் பாடிய இசைத்தட்டுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத்தில் சில வீடுகளில் அவை பெட்டிக்கடியில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய சாமான்காரரிடம் போடுமுன் அவற்றின் கதையை நாம் கொஞ்சம் கேட்போம்.

1877-இல் எடிசன் குரலை உருளையில் பதித்துக் காட்டினார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் உருளையைத் தட்டாக மாற்றினார். தட்டுக்கு ஓர் அச்சு செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம் அல்லவா? வாணிபம் அங்கேதான் பிறந்தது.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய புனல் போன்ற குழாயின் வாயில் தலையை நீட்டி உரக்கப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். பாடியவர் யாரென்று அங்குள்ள தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? அதே பயணத்தில், 1903-இல், கெய்ஸ்பெர்க் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை வந்தது.

அந்தக் கறுப்புத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கால். பாண்டவர்களைக் கொல்லத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையின் அதே அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. காட்டு மக்கள் அதைச் சுரண்டி எடுத்தார்கள். பால் மரம் வெட்டி வாழ்ந்த நம்மவருக்கு அந்த உழைப்பு விளங்கும். கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்திய அத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்கு மேல் அதிகம் பாடாது. நீண்ட கீர்த்தனைகளும் அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று. நாடகங்களோ பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வந்தன.

எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1933-இல், 27 வயதில் மறைந்தார். சினிமாவில் அவர் நடித்ததில்லை. அவர் குரலை இன்று நாம் கேட்பது இசைத்தட்டுகளின் புண்ணியத்தால்தான்.

1948-இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. பிறகு ஒலிநாடா வந்தது. அரக்குத் தட்டு மூலைக்குப் போயிற்று. பழைய ஜாஸ், ராக் தட்டுகளை மேல்நாட்டார் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். இந்தியத் தட்டுகளைச் சேர்ப்போர் 1990-இல் பம்பாயில் சங்கமே அமைத்தார்கள். பல பழைய பாட்டுகளுக்கு மூல அச்சு இன்று இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் வைத்திருக்கும் தட்டே மிச்சம். மலாயாத் தமிழர் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பதற்கும் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய தட்டுதான் சாட்சி. தோட்டம் துண்டாடப்பட்டு வீடு மாறிய குடும்பங்கள் எத்தனையோ பொருள்களை விட்டு வந்தன, இதையாவது விடாதிருப்போம்.

தட்டு கிடைத்தால் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வெயில் ஆகாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். நடுவில் ஒட்டிய தாளில் கம்பெனி பெயர், பாடியவர் பெயர், எண் மூன்றும் இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தட்டை வாங்கியவர் யார், எந்தத் தோட்டம் என்பதையும் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.