ஒரு சிலையும் இரு வரலாறுகளும்

1944 செப்டம்பர் 22இல் செஞ்சேனை எஸ்தோனியத் தலைநகர் தாலினுள் புகுந்தது. அந்நாளை ருஷ்யர் விடுதலை என்பர். எஸ்தோனியரோ மீண்டும் பூட்டப்பட்ட விலங்கு என்பர். ஜெர்மானியர் பின்வாங்கியதும் கோட்டையில் பறந்தது தம் நாட்டுக் கொடியே என்பது அவர்தம் வாதம்.

அந்நிகழ்ச்சியின் நினைவாக 1947இல் சோவியத் ஆட்சி வெண்கலப் போர்வீரன் சிலையை நிறுவிற்று. 2007 ஏப்ரலில் அதனைப் படையினர் கல்லறைக்கு மாற்ற அரசு முனைந்தபோது கலவரம் மூண்டது, ஓருயிர் பலியாயிற்று.

நாஜிகளை எதிர்த்து மாண்ட மகனுக்காக ருஷ்யத் தாய் வடித்த கண்ணீர் பொய்யன்று. 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட எஸ்தோனியர் நாடு கடத்தப்பட்டதும் பொய்யன்று. எஸ்தோனியாவை ஸ்டாலினுக்கு ஒதுக்கிய 1939இன் இரகசிய உடன்படிக்கையை மாஸ்கோ 1989 வரை மறுத்தே வந்தது.

மாண்டோரை மதிப்போம், ஆயின் அவர்தம் கல்லறையைத் திரையாக்கி உண்மையை மறைப்பதை வரலாறென நாம் ஏற்பதற்கில்லை.