மூதோங்: பெயர் ஒன்று, கொடி இரண்டு



கொஞ்ச நாளாக நம்மட குழுக்களில் ஒரு செய்தி சுத்துது. "சீன மூலிகை, கிட்னித் தொற்று அடியோட போகும், அன்டிபயட்டிக் தேவையில்ல" என்று. நாம் வைத்தியரல்ல, சரித்திரம் படிப்பிக்கிற ஆள். அதனால் அந்த மருந்தின் சரித்திரத்தையே எழுதுகிறோம்.

சீனாவில் சொங் வம்ச அரசு 1076இல் கைஃபெங் நகரில் அரசாங்க மருந்துக்கடை ஒன்றைத் திறந்தது. அதன் வழியாக வந்த மருந்து நூலில் 'பா செங் சான்' என்றொரு சூரணம் இருக்கிறது. சலக்கடுப்பு, சொட்டுச் சொட்டாகப் போகும் சிறுநீர் இவற்றுக்குக் கொடுப்பது. அதிமதுரம் உட்பட எட்டுச் சரக்கு. அதில் ஒன்று 'மூதோங்' என்ற கொடித்தண்டு. சீன வைத்தியர்கள் இன்றும் இதை எழுதிக் கொடுக்கிறார்கள்.

பழைய மூதோங் அகேபியா என்ற கொடி. காலப்போக்கில் வடகிழக்கு மலைகளில் வளரும் வேறொரு கொடியை வெட்டி அதே பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அதற்கு 'குவான் மூதோங்' என்று பெயர். அது அரிஸ்டோலோகியா குடும்பம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அரிக்கும். கிட்னிக்கென்று குடித்த கசாயத்தில் கிட்னியைக் கொல்லும் சரக்கு! 1964இலேயே சீனாவில் மூதோங் கூடுதலாகக் குடித்த இரண்டு பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக எழுதினார்கள். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

உலகம் விழித்தது பெல்ஜியத்தில். பிரசல்ஸ் நகரில் உடம்பு மெலிய மருந்து கொடுத்த ஓர் இடத்தில் 1990இல் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். இளம் பெண்களுக்குக் கூடச் சிறுநீரகம் வேகமாகப் பழுதானது. 1993இல் வான்ஹெர்வெகம் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். அங்கேயும் பெயர்க் குழப்பம்தான்: ஒரு 'ஃபாங்ஜி'க்குப் பதிலாக இன்னொரு 'ஃபாங்ஜி', அதுவும் இதே குடும்பம். நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2000இல் வந்த ஆய்வு இன்னும் கொடியது. சிறுநீரகம் முற்றாகப் போன 39 பேரின் சிறுநீரகங்களையும் குழாய்களையும் எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குப் புற்றுநோய். சீன அரசு 2003இல் குவான் மூதோங்கைத் தடை செய்தது.

அப்ப மற்றச் சீன மருந்தெல்லாம் வீணா? அப்படிச் சொன்னால் அநியாயம். பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்குச் சீன மூலிகை உதவுமா என்று கொக்ரேன் அமைப்பு 2015இல் ஆய்வுகளைத் தேடியது. கிடைத்தது ஏழு, மொத்தம் 282 பெண்கள். முடிவுகள் நல்ல பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஆய்வுகள் சிறியவை, தரம் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கவனியுங்கள், அது திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. காய்ச்சல், நடுக்கம், விலாவில் குத்து என்று வருகிற கிட்னித் தொற்று வேறு. கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு அன்டிபயட்டிக்குக்குப் பதிலாக மூலிகை போதும் என்று அந்த ஏழில் எதுவும் காட்டவில்லை.

நம்ம நாட்டிலும் இதே குடும்பத்துக் கொடி இருக்கிறது. தமிழில் ஈஸ்வரமூலி, சிங்களத்தில் சப்சந்த. நாட்டு மருந்தில் அதற்கு இடமுண்டு.

வீட்டில் பெரியவர்கள் கிட்னிக்கென்று சூரணமோ கசாயமோ எடுத்தால், பக்கெற்றைத் தூக்கி எறிய வேண்டாம். கிளினிக் போகும்போது கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.