குன்றின் மேல் மாளிகை, பக்கத்தில் ஒரு கோவில்

ஈப்போவை அடுத்த பத்து காஜா பக்கம் போனால், ராயா ஆற்றோரக் குன்றில் கெல்லி மாளிகையைக் காணலாம். ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய கட்டடம் அது. கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள்.

உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் இங்கும் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். மற்றவர்கள் துரையிடம் கோவில் கேட்டார்கள். அருகிலேயே மாரியம்மன் கோவில் எழுந்தது. அதன் கூரையில் தெய்வங்களோடு துரைக்கும் சிலை வைத்தார்கள்.

1926-இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார்; மாளிகை அரைகுறையாய் நின்றது.

துரையின் பெயர் மாளிகைக்கே பெயராகிவிட்டது. மாண்டவர்களின் பெயர்களை யார் சொல்வது? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள், எழுதி வையுங்கள்.