குன்னூர் எலிகளும் அடுக்களைக் கணக்கும்

1920களில் குன்னூர் மலையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் எலிகளுக்குப் பந்தி வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, அடுத்ததற்குப் பட்டாணியர் சாப்பாடு, பிறகு மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளிகள், கடைசியாக மதராஸிகள். கூட்டத்துக்கு 20 எலிகள். எல்லாம் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை. சில மாதங்கள் கழித்து நிறுத்துப் பார்த்தபோது, கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி என்று தின்ற சீக்கியக் கூட்டம் முதலில் நின்றது. மதராஸிக் கூட்டம் வரிசையின் கடைசியில் நின்றது.

அந்த மதராஸித் தட்டில் இருந்தவை, ஆலையில் தீட்டிப் பல தண்ணீரில் களைந்து வடித்த வெள்ளைச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், புளி, மிளகாய், தேங்காய், சொட்டுப் பால் விட்ட காபி. மெக்காரிசன் தன் நாட்டுக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீர் என்று இங்கிலாந்து ஏழைகள் சாப்பிட்டதை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றியதோடு, வலுத்தவை இளைத்தவற்றைக் கடித்துக் கொல்லவும் தொடங்கின.

சோதனை சொன்னது சரிதான். ஆனால் பாலும் வெண்ணெயும் வாங்கத் தென்னிந்தியக் கூலிக் குடும்பத்தின் கையில் காசு ஏது? அடுத்த அறுபது ஆண்டுகள் ஆய்வகங்களும், அரசுகளும், அவற்றைவிட முக்கியமாக வீட்டு அடுப்படிகளும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டின.

அந்த வெள்ளைச் சோற்றுத் தட்டு தமிழ்நாடு முழுவதற்கும் உரியதல்ல. ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களிலும் நகரங்களிலும்தான் மூன்று வேளையும் அரிசி. கரிசல் காட்டில் கம்பும் சோளமும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் களியும்தான் அன்றாடச் சாப்பாடு. அங்கெல்லாம் நெல்லுச் சோறு தீபாவளி, பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ இருக்கும். காலையில் கூழோடு மோரும் சின்ன வெங்காயமும். சிக்கனத்துக்காகச் செய்தவைதான். என்றாலும் தானியத்தோடு பயறு, பயறோடு கீரை என்று அவை தாமாகவே சேர்ந்துகொண்டன.

அரிசி உண்டவர்களிலும் இரு வகை. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் வேர்விட்டிருந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஆட்கள் மாண்டார்கள். தமிழ் மாவட்டங்களில் அந்த நோய் அரிது. வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி என்பதே காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த பெண்கள் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அவித்த நெல்லில் நொறுங்கல் குறைவு, சோறு வயிற்றில் நின்று தாங்கும் என்பதே அவர்கள் கணக்கு.

நெல் குத்தும் உலக்கைகள் ஓய்ந்து ஊருக்கு ஊர் சிறு அரிசி ஆலைகள் முளைத்த காலம் அது. வேலை மிச்சம், அரிசியும் வெளுப்பு. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. தவிட்டோடு சத்தும், உலக்கையோடு ஏழைப் பெண்களின் கூலியும் போகின்றன என்பது அவர் வாதம். ஆனால் வெள்ளைச் சோறு கௌரவமாகிவிட்ட பிறகு அந்தக் குரல் அதிக தூரம் எட்டவில்லை.

1935இல் மெக்காரிசன் ஓய்வுபெற, குன்னூர் ஆய்வகத்துக்கு டபிள்யூ.ஆர். அய்க்ராய்டு வந்தார். இவருக்கு எலிக் கூண்டைவிடக் குடும்பங்களின் மளிகைக் கணக்கில் அக்கறை அதிகம். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், உலையில் போடும் முன் அரிசி, பருப்பு, காய்களை நிறுத்தார்கள். 1937இல் சுகாதார வெளியீடு எண் 23 வந்தது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணையும், கைக்கெட்டிய செலவில் நல்ல சாப்பாட்டுத் திட்டம் போடும் வழியும் அதில் இருந்தன. திருத்தித் திருத்தி அச்சாகிய அந்தச் சிறு ஏடுதான், 1971இல் சி. கோபாலனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைக்கு முன்னோடி.

அட்டவணையைப் புரட்டினால் சந்தையின் விலைவரிசை தலைகீழாகிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம், கேழ்வரகில் 344. பசும்பாலில் 120, வேலியோரத்து முருங்கைக் கீரையில் 440, அகத்திக் கீரையில் 1,130. ஏழைகளின் பண்டமான வேர்க்கடலையில் கால்பங்கு புரதம். ஆக, குன்னூர் சொன்ன வழி புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. அரிசியில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் கேழ்வரகோ கம்போ வை, மிச்சமாகும் காசில் பருப்பும் கீரையும் கூட்டு என்பதுதான் அதன் சாரம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பொங்கலும் இட்லியும் அடையும் இந்தக் குறையை ஒன்றுக்கொன்று நிரப்புவதை வேதியியல் பின்னாளில்தான் விளக்கியது.

பாலுக்கு மாற்றும் தேடினார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தபோது எடையும் உயரமும் நன்றாகக் கூடின. சோயா மொச்சை கொடுத்த பிள்ளைகளிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. மலிவான எல்லாமே ஈடாகிவிடாது என்பதையும் குன்னூர் மறைக்காமல் எழுதிவைத்தது.

இந்தப் பாடத்தை நாட்டுக்கே கட்டாயமாக்கியது போர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் கொச்சியும் இலங்கையும் பர்மா அரிசியை நம்பியிருந்தவை. 1943இல் சென்னை நகரில் உணவுப் பங்கீடு வந்தது. பெரியவர்கள் இன்றும் ‘கண்ட்ரோல் காலம்’ என்று சொல்லும் நாட்கள் அவை. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி போதாமல், பழக்கமில்லாத கோதுமை தமிழ் அடுப்படிக்குள் நுழைந்தது. கோதுமையை உடைத்து உப்புமா கிண்டினார்கள், சோறுபோல வேகவைத்துக் குழம்பு ஊற்றினார்கள், மாவைக் கரைத்துத் தோசை வார்த்தார்கள். பெங்களூரில் ரவை இட்லி பிறந்ததும் இந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் என்கிறது எம்.டி.ஆர். உணவகம். சேலத்து ஜவ்வரிசித் தொழிலும் 1943 வாக்கில் தொடங்கியதுதான். மலேயா, சிங்கப்பூர் சரக்கு நின்றுபோனதால் உள்ளூர் மரவள்ளிக்கு வந்த வாழ்வு அது.

மரவள்ளிதான் திருவிதாங்கூரைக் காப்பாற்றியது. 1880களில் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர் அது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனிக் கிழங்கு அன்றாட உணவாயிற்று. வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. கடலோர வீடுகள் கண்ட வழி சாளை மீன் குழம்பு. வேகவைத்த கிழங்கும் மலிவான சாளையும் சேர்ந்த தட்டு, அந்தக் காசுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாப்பாடுகளில் ஒன்று.

அரிசிக் கட்டுப்பாட்டை முதலமைச்சர் ராஜாஜி 1952இல் நீக்கினார். தட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஓட்டாக மாறும் அளவுக்கு அது நீடித்தது. இடையில் அறிவியலும் தன் பங்குக்கு இறங்கியது. 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் பிழிந்த கடலைப் பிண்ணாக்கைச் சுத்தமான மாவாக்கி, முக்கால் பங்கு அதுவும் கால் பங்கு கொண்டைக்கடலை மாவுமாகப் ‘பல்நோக்கு உணவு’ தயாரித்தது. மரவள்ளி மாவு, கடலை மாவு, கோதுமை ரவை கலந்து மணி மணியாக ‘செயற்கை அரிசி’யும் செய்தது. சத்துக் கணக்கில் இரண்டும் தேறின. செயற்கை அரிசி சந்தையில் நிலைக்கவில்லை. அரிசிபோல வேஷம் போட்டு வந்த ஒன்றை ஏற்க மறுத்த அதே வீடுகள், ரவையை ரவையாகவே எடுத்துக்கொண்டு இட்லியும் கிச்சடியும் ஆக்கிக்கொண்டன.

கட்டுச்செட்டான பட்ஜெட்டில் ஊரையே ஊட்டும் சவாலைச் சென்னை மாநகராட்சி 1920இலேயே எடுத்தது. நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு மாணவருக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பணமில்லாமல் சில ஆண்டுகளில் அது நின்றது. 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கிராம் கணக்கில் வரையறுத்த சாப்பாடு அது. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். பாலும் நெய்யும் இல்லாத தட்டைச் சரிசெய்ய மிக மலிவான வழி முட்டைதான் என்று கண்டுகொள்ள ஒரு தலைமுறை பிடித்தது.

இதற்கிடையில் குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். உலகமெங்கும் நிபுணர்கள் ‘புரதப் பற்றாக்குறை’ என்று பேசி, விலையுயர்ந்த புரதப் பொடிகளைப் பரிந்துரைத்த 1960களில், அதை நடத்திய சி. கோபாலன் எதிர்த்திசையில் நின்றார். ஏழைப் பிள்ளைகள் சாப்பிடும் தானியமும் பருப்புமே போதிய அளவில் கிடைத்தால் பெரும்பாலும் புரதமும் தானே கிடைத்துவிடும், குறைவது சாப்பாட்டின் அளவு என்றார். மெக்காரிசனின் பந்தியில் விடுபட்டிருந்த விஷயம் இது. எலிகளுக்கு வேண்டிய மட்டும் தீனி இருந்தது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது இல்லை.

அந்த நிறுவனம் வகுத்த ‘ஹைதராபாத் கலவை’ எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. கோதுமை 40 கிராம், கடலைப் பருப்பு 16, வேர்க்கடலை 10, வெல்லம் 20. முதல் மூன்றையும் தனித்தனியே வறுத்து அரைத்து, பொடித்த வெல்லத்தோடு கலக்க வேண்டும். கொதிநீரோ பாலோ விட்டுக் குழைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு 330 கலோரியும் 11 கிராம் புரதமும் சேரும். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் கொடுத்த லட்டும் இதே சிந்தனைதான். இன்று அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அதன் தொடர்ச்சி.

ஆனால் தானியத்தின் விலைக் கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடாக இருந்த சாமையும் தினையும் வரகும் கடையில் பொன்னி அரிசியைவிட விலை கூடுதல். பணம் உள்ளவர் வீட்டில் சிறுதானிய தோசையும், கூலி வீட்டில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் என்றாகிவிட்டது. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாட்டை அரசு தொடங்கியது. எல்லா மாவட்டத்துக்கும் அது வர வேண்டும். கூடவே பருப்பின் அளவும் கூட வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் வீடுகளுக்கு இல்லை. இலவச அரிசியில் மிச்சமாகும் பணம் முதலில் பயறுக்கும் கீரைக்கும் முட்டைக்கும் போகட்டும், பிள்ளைக்கு ஒரு பிடி வேர்க்கடலையும் வெல்லமும் கிடைக்கட்டும். விளம்பரத்தில் வரும் சத்துபானப் பொடி டப்பாவைக் கூடையில் போடும் முன், அந்த விலைக்கு ஹைதராபாத் கலவை எத்தனை கிலோ வரும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.