அலமேலம்மாவும் சந்திரமுகியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'சந்திரமுகி' பார்த்தோம். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். ஒன்பதாவது படிக்கும் என் பெண் பாதியில் எழுந்து போய், தோசை வார்த்துக்கொண்டு நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பயமா இல்லையா?"

"இதுல என்னப்பா பயம்? எல்லாப் பேய்ப் படத்துலயும் இதே கதைதானே" என்றாள்.

சரியாகத்தான் சொல்கிறாள். ஒரு அரண்மனை, பூட்டிய அறை, நகை, ராஜாவிடம் அநியாயப்பட்டுச் செத்த ஒரு பெண், நூறு வருஷம் கழித்து அதற்கு வட்டி கட்டும் ஒரு அப்பாவிக் குடும்பம். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்தேன். காலையில் பால் வாங்கப் போகும் வழியில்தான் உறைத்தது. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் ஊரில்தான் நான் குடியிருக்கிறேன்!

ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்குப் பக்கத்தில், மாண்டியா மாவட்டம். காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் தீவு. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். ஒரு ரங்கநாதர் காலடியிலிருந்து இன்னொரு ரங்கநாதர் காலடிக்கு மாற்றல் உத்தரவு போட்ட தலைமை அலுவலகத்துக்கு ஒரு கும்பிடு. (இங்கே இருப்பவர் ஆதி ரங்கர், சிவசமுத்திரத்தில் மத்திய ரங்கர், நம்மூர்க்காரர் அந்திய ரங்கர். மூன்று பேரும் ஒரே ஆற்றின் நடுவில்.)

முதலில் சினிமாவை முடித்துக்கொள்கிறேன்.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பாட்டி என்று நான் நினைப்பது 1949-ல் வந்த 'மஹல்'. கமால் அம்ரோஹி எடுத்தது. அசோக் குமார், மதுபாலா. பாழடைந்த மாளிகை, ராத்திரியில் பாடிக்கொண்டு போகும் பெண். கடைசியில் பார்த்தால் அதில் பேயே கிடையாது. நம்ம 'யார் நீ'யும் (1966) அப்படித்தான். இந்தி 'வோ கௌன் தீ' (1964) கதையை ஜெய்சங்கர், ஜெயலலிதாவை வைத்துத் தமிழில் எடுத்தார்கள். வெள்ளைப் புடவை, மழை, பாட்டு எல்லாம் உண்டு. திரையை விலக்கினால் பின்னால் நிற்பது சொத்துத் தகராறு. ஒரு வங்கிக்காரனாக எனக்கு அந்தக் காலத்துப் பேய்ப் படங்கள் மேல் தனி மரியாதை. எல்லாப் பேயும் கடைசியில் ஒரு பத்திரத்தில் போய் நிற்கும்.

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) வேறு ரகம். மறுபிறவிக் கதை. கிழ ஜமீன்தாராக வரும் நம்பியாரைப் பார்த்து அந்த வயதில் நான் அலறியிருக்கிறேன். இன்று பார்த்தாலும் கொஞ்சம் முதுகு சில்லிடத்தான் செய்கிறது. என் ஓட்டு இன்னமும் அதற்குத்தான்.

அப்புறம் 'எக்ஸார்சிஸ்ட்' (1973), 'ஓமன்' (1976) எல்லாம் வீடியோ கேசட்டில் வந்து சேர, இங்கே 'யார்?' (1985), 'மை டியர் லிசா' (1987), 'ஜென்ம நட்சத்திரம்' (1991) என்று ஒரு அலை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். படத்தைவிட படம் விட்டு இருட்டில் வீட்டுக்கு நடந்து வந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. விட்டுவிடலாம்.

திருப்பம் 1993-ல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'. பேயும் இருக்கிறது, மனநோயும் இருக்கிறது, எதை நம்புவது என்பது உங்கள் பாடு. ஷோபனாவுக்குத் தேசிய விருது. அதை பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) ஆக்கினார். அதில் அந்த வேஷம் போட்ட சௌந்தர்யா, படம் வெளிவரும் முன்பே ஏப்ரல் 2004-ல் விமான விபத்தில் போய்விட்டார். இங்கே எங்கள் கிளையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் ஒரு நிமிஷம் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அடுத்த வருஷம் தமிழில் 'சந்திரமுகி', 2007-ல் இந்தியில் 'பூல் புலையா'.

நாலையும் வரிசையாகப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மலையாளத்தில் அந்தப் பேய் தஞ்சாவூரிலிருந்து போன நாட்டியக்காரி, தமிழ் பேசும். கன்னடத்தில் வந்தபோது தெலுங்கு பேசியது. தமிழிலும் தெலுங்கு. இந்தியில் வங்காளி. எந்த ஊரில் எடுத்தாலும் பேய் மட்டும் அடுத்த ஊர்க்காரி! பிழைக்க வந்த இடத்தில் ராஜாவின் கண்ணில் பட்டுச் செத்தவள். உள்ளூர் பாஷை தெரியாமல் கோபத்தில் தாய்மொழிக்குத் தாவுகிறவள். தங்கமணிக்கு இதைச் சொன்னபோது, "நாம காய்கறிக்காரன்கிட்ட சண்டை போடறப்போ தமிழ்ல கத்தற மாதிரியா?" என்றாள். அதேதான்.

இப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருவோம்.

1610 வரை இந்த ஊர் விஜயநகரத்தின் பிரதிநிதியாக இருந்த திருமலைராஜாவின் கையில் இருந்தது. அந்த வருஷம் மைசூர் ராஜ உடையார் இதைக் கைப்பற்றினார். தசரா விழா தொடங்கியதும் அதே வருஷம், இதே ஊரில்தான். இது வரலாறு. இனி வருவது ஊர் சொல்லும் கதை.

திருமலைராஜாவுக்கு ராஜபிளவை. தலக்காட்டில் வைத்தியநாதேஸ்வரரைக் கும்பிடப் போனவர் அங்கேயே இறந்துபோனார். அவர் மனைவி அலமேலம்மா. ஆந்திரப் பக்கத்து ஆரவீட்டு வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், பெயரே திருப்பதித் தாயாரின் பெயர். அவளுடைய நகைகளை வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் இங்கே ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்துவது வழக்கம். ராஜ்யம் கைமாறியதும் கோயில்காரர்கள் புது ராஜாவிடம் போய் நகையைக் கேட்டார்கள். ராஜா ஆள் அனுப்பினார். அவள் முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச நகையோடு தலக்காட்டுக்கு எதிர்க்கரையான மாலங்கியில் காவிரியில் குதித்தாள். குதிக்கும்போது மூன்று சாபம். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்.

அரண்மனை, நகை, ராஜா, அடுத்த ஊர்க்காரி, வாரிசுகளைத் துரத்தும் கோபம். ஒன்றாவது குறைகிறதா பாருங்கள்!

நான் பி.காம். படித்தவன், தணிக்கை பார்த்துப் பழகிய கண். சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக எடுத்தேன்.

தலக்காடு மணல் உண்மை. போய்ப் பாருங்கள், முட்டிவரை கால் புதையும். முப்பதுக்கு மேல் கோயில்கள் உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள். சோழர் ஆண்டபோது ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அவர்களை விரட்டிவிட்டு ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் கட்டிய கீர்த்திநாராயணர் கோயில் அங்கே இருக்கிறது. ஆனால் மணலுக்கு வேறு காரணமும் சொல்கிறார்கள். விஜயநகரக் காலத்தில் மாதவ மந்திரி கட்டிய அணையால் ஆற்றுப் படுகையில் மணல் வெளிப்பட்டது, காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்தது என்று. அதாவது சாபத்துக்கு முந்தைய தேதியிலேயே பற்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மாலங்கியில் ஆற்று வளைவு, மடு இருக்கும். அதை விடுங்கள்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். ராஜ உடையாருக்குப் பின் பட்டத்துக்கு வந்தது பேரன். சரி, சாபம் ஒத்துப்போகிறது. ஆனால் சிக்கதேவராஜருக்கு (1673–1704) மகன் இருந்தார், அந்த மகனும் ஆண்டார். அவருக்கும் ஒரு மகன், அவரும் 1732 வரை ஆண்டார். மூன்று தலைமுறை அப்பா, மகன், பேரன்! கணக்கு இங்கே உதைக்கிறது. அதற்கப்புறம்தான் தத்து எடுப்பது திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865-ல் தத்து எடுத்தபோது விஷயம் கதையாக இல்லை. 1831-லிருந்து ஆட்சி ஆங்கிலேய அதிகாரிகள் கையில். தத்துப் பிள்ளையை அவர்கள் ஏற்காவிட்டால் ராஜ்யமே போச்சு. 1867-ல் ஒருவழியாக ஏற்றார்கள், 1881-ல் ஆட்சி திரும்பக் கிடைத்தது.

அந்தத் தத்துப்பிள்ளைக்குப் பிள்ளைகள் பிறந்தன. மூத்தவர் நான்காம் கிருஷ்ணராஜருக்குக் குழந்தை இல்லை. 1940-ல் அவர் தம்பி மகன் ஜெயசாமராஜர் வந்தார், அவருக்கு மகன் உண்டு. அந்த மகன் ஸ்ரீகண்டதத்தர் 2013-ல் குழந்தையில்லாமல் காலமானார். 2015-ல் யதுவீரைத் தத்து எடுத்தார்கள். 2017 டிசம்பரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்ததும், சாபம் நீங்கியது என்று ஒரே செய்தி. ஒரு தலைமுறைக்குத் தத்து, மறு தலைமுறைக்குப் பிள்ளை என்பதுதான் ஊர்க்கதையின் விதி என்றால், அந்தக் குழந்தை விதிப்படிதான் பிறந்திருக்கிறது. இதில் நீங்கியது எங்கே என்று நான் கேட்டதற்கு எங்கள் கிளைக் காவலாளி என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம்.

சாபத்தை இந்த ஊர் ஏற்றுமதியும் செய்திருக்கிறது. 1799 மே 4-ம் தேதி கோட்டை விழுந்து திப்பு இறந்தார். அந்தக் கொள்ளையிலிருந்துதான் வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவல் தொடங்குகிறது. திருடப்பட்ட வைரம், அதோடு போகும் சாபம். வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடிக்கும் மரப்புலி பொம்மை ஒன்று திப்புவிடம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஒலி அமைப்பு! திப்புவின் வாள் ஒன்றை 2003-ல் லண்டன் ஏலத்தில் எடுத்த விஜய் மல்லையா, அது ராசியில்லை என்று வீட்டார் சொன்னதால் 2016-ல் கொடுத்துவிட்டார் என்று 2018-ல் லண்டன் நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. வங்கி ஊழியனாக இதற்கு மேல் நான் வாய் திறக்கக் கூடாது.

கன்னடத்துக்கென்றே இன்னொரு பேய் உண்டு. ராத்திரியில் தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும். 1990-களில் பெங்களூர்ப் பக்கம் கதவுகளில் 'நாளே பா', அதாவது நாளை வா என்று எழுதி வைத்தார்கள். பேய் தினமும் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். கவுண்டரில் நாங்கள் காலம் காலமாகக் கையாளும் உத்தி பேயிடமும் பலிக்கிறது. 2018-ல் வந்த 'ஸ்த்ரீ' இதே யோசனையை எடுத்துக்கொண்ட படம். நல்ல படம், குடும்பத்தோடு பார்க்கலாம்.

சமீபத்துத் தமிழ்ப் படங்களில் 'யாவரும் நலம்', 'ஈரம்' (இரண்டும் 2009) பிடித்தன. அபார்ட்மெண்ட், டிவி, குழாய்த் தண்ணீர் என்று நம் வீட்டுக்குள்ளேயே பயத்தைக் கொண்டுவந்தார்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) பார்த்து அழுதேன் என்றால் நம்புவீர்களா? 'காஞ்சனா', 'அரண்மனை' வகையறாக்கள் பையனுக்குப் பிடிக்கும். எனக்கு இரைச்சல் தாங்கவில்லை. மலையாள 'பிரமயுகம்' (2024) கறுப்பு வெள்ளையில் மிரட்டியது.

உண்மையான பயம் வேறு. 1989 பிப்ரவரி 8. இந்த ஊர்க் கதையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொடர். மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். சுவரெல்லாம் சாக்கு, காற்றோட்டம் இல்லை, தீயணைக்க மணலும் வாளித் தண்ணீரும். இதற்கும் சாபம் என்று சொன்னவர்கள் உண்டு. மின்கம்பியைச் சரியாக மாட்டாததற்கு எந்த அலமேலம்மா பொறுப்பு?

சாபம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. அப்பாவின் தங்கை, என் அத்தைக்குக் குழந்தை இல்லை. ஜாதகம் பார்த்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஸ்திரீ சாபம் என்றார்கள். ராமேஸ்வரம் நாலு தடவை. சீமந்தம், வளைகாப்பு என்றால் அவளாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அத்தைக்குக் கும்பல் பிடிக்காது போல என்று நினைத்துக்கொள்வோம்.

சென்ற நவராத்திரிக்கு அத்தை இங்கே வந்திருந்தாள். எழுபது தாண்டிவிட்டது. கோயிலுக்கு அழைத்துப்போனோம். வெளியே ஒருவர் எங்களைத் தமிழர்கள் என்று கண்டுகொண்டு, அலமேலம்மா கதையை உடைந்த தமிழில் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தர்மசங்கடம். நிறுத்தவும் முடியவில்லை. மைசூர் அரண்மனையில் அவளுக்குச் சிலை வைத்து இன்றும் பூஜை நடக்கிறது என்பது வரை சொல்லி முடித்தார். அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு,

"அந்த அம்மாவுக்குக் குழந்தை இருந்துதாப்பா?" என்றாள்.

அவர் விழித்தார். அவருக்குத் தெரியவில்லை. இத்தனை தேதி சரிபார்த்த எனக்கும் அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதில்லை.

சங்கமத்தில் படியில் உட்கார்ந்து அத்தை மஞ்சள் குங்குமத்தை ஆற்றில் விட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "இந்தத் தண்ணி நம்ம அம்மாமண்டபத்துக்கு எத்தனை நாள்ல வரும்?" என்று என் பெண்ணைக் கேட்டாள். அணையில் திறந்துவிட்டால்தான் வரும் பாட்டி என்றாள் அவள்.