கயிறும் வண்டலும்: கலைச்சொற்கள் பிறந்த கதை



தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழும். "படிவுப் பாறை", "வீழ்படிவு" என்றெல்லாம் மனப்பாடம் செய்தோமே, இந்தச் சொற்களை யார் உண்டாக்கினார்கள்? எதை வைத்து உண்டாக்கினார்கள்? கயிறு, வண்டல் என்ற இரண்டு சாதாரணப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடலாம்.

முதலில் ரஷ்யாவைப் பார்ப்போம். 1697-இல் மகா பீட்டர் ஹாலந்துக்குப் போய்க் கப்பல் கட்டும் தளத்தில் தானே வேலை கற்றார். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்களின் கப்பல் தொழில் ரஷ்யாவுக்கு வந்தபோது அவர்களுடைய சொற்களும் கூடவே வந்தன. தடித்த கயிற்றைக் குறிக்கும் "த்ரோஸ்", மாலுமியைக் குறிக்கும் "மத்ரோஸ்" எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் நீரின் அடியில் தங்கும் மண்டிக்கு அவர்கள் சொல்வது "அசாதக்". அதன் வேருக்கு "உட்காருதல்" என்று பொருள். ஆங்கிலத்தின் "செடிமென்ட்" என்ற சொல்லும் "உட்காருதல்" என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததே. ஆக, கயிற்றுக்குக் கடன் வாங்கினார்கள். மண்டிக்குச் சொந்த வேரே போதுமானதாக இருந்தது.

இயற்பியல் நூல் ஒன்றை 1746-இல் ரஷ்ய மொழியில் வெளியிட்ட லோமனோசவ், கருவிகளுக்கும் இயற்கைப் பொருள்களுக்கும் புதிய சொற்களைத் தேட வேண்டியிருந்தது என்று அதன் முன்னுரையில் சொல்கிறார். முதலில் விநோதமாகப் பட்டாலும் புழங்கப் புழங்கப் பழகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து இதே வேலையைத் தமிழில் செய்தவர் ஓர் அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் வைத்துக்கொண்ட முறை எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் வடமொழி, அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. வேதியியல் நூலுக்கு "கெமிஸ்தம்" என்றே பெயர் வைத்தார்கள்!

தமிழ்நாட்டில் 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1940-இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழி, ஆங்கிலச் சொற்களின் பக்கம் சாய்ந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு அந்தக் குழுவில் தமிழறிஞர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த விவாதங்களில் பெரும்பாலும் எழுந்த கேள்வி "தமிழா, வடமொழியா, ஆங்கிலமா?" என்பதே. ஆனால் சொல் கிடைக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. அது தொழில் நடக்கும் இடம்.

எங்கள் முகையூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டின் மூக்கில் போடுவது மூக்கணாங்கயிறு. கட்டுத்தறியில் கட்டுவது தும்பு. கவலை ஓட்டிய காலத்தில் நீர்ச்சாலை இழுத்த தடித்த கயிறு வடம், அதன் வாலை இழுத்த மெல்லிய கயிறு வால்கயிறு. முறுக்கிய ஒவ்வோர் இழைக்கும் புரி என்று பெயர். மண்ணிலும் அப்படித்தான். ஏரியில் அடிப்பது வண்டலும் கரம்பையும். ஆறு ஒதுக்கிய நிலம் படுகை. எண்ணெயின் அடியில் நிற்பது கசடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் தென்பெண்ணைக் கரை வயல்களை மணல் மூடியது. வண்டல் வந்தால் விவசாயிக்கு லாபம், மணல் வந்தால் நட்டம். "செடிமென்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடும். விவசாயிக்கு அது போதாது, அதனால்தான் அவரிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன.

இதில் வியப்பு என்னவென்றால், இப்படித் தொழிலிலிருந்து எடுத்த சொற்கள் நன்றாகவே நிலைத்துவிட்டன. கவலைக் கிணற்றிலும் தேரிலும் இருந்த "வடம்" இன்று மின்சாரத்தில் "புதைவடம்" ஆகியிருக்கிறது. செய்தித்தாளில் படிக்கும்போது யாரும் அகராதியைத் தேடுவதில்லை. பாடநூலின் "வண்டல் மண்" என்பதும் அப்படித்தான். அதைப் புரியவைக்க ஆசிரியர் தேவையில்லை.

அதற்காக வண்டல் என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. சோதனைக் குழாயின் அடியில் தங்குவதையோ கடலடியில் இறுகிப் பாறையானதையோ வண்டல் என்றால் பொருள் குழம்பும். எனவே எல்லாவற்றுக்கும் பொதுவாக "படி" என்ற வினையிலிருந்து "படிவு" என்று ஆக்கிக்கொண்டார்கள். ரஷ்யர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே.

ஆனால் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. நாம் "படிவுப் பாறை" என்று படிப்பதை இலங்கை மாணவர்கள் "அடையற் பாறை" என்று படிக்கிறார்கள். அடைவதும் படிவதும் நல்ல தமிழ்தான், இரண்டிலும் பிழையில்லை. ஆனாலும் ஒரே மொழியில் படிக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவருடைய புத்தகத்தை மற்றவர் எடுத்தால் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. கிறீன் மானிப்பாயில் ஆக்கிய சொற்களும் சேலத்துச் சங்கம் ஆக்கிய சொற்களும் ஒரே பட்டியலில் சேர்ந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?

ஆகவே நண்பர்களே, தமிழில் சொல் இல்லை என்பது நம்முடைய குறை அல்ல. இருக்கும் சொல்லைக் கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும் போய்க் கேட்காததும், கேட்டு எடுத்ததைக் கடலின் இரு கரையிலும் பொதுவாக வைக்காததும்தான் குறை. கவலை ஓட்டியவர்கள் இன்று ஊருக்குச் சிலரே இருக்கிறார்கள். அவர்களிடம் கயிறுகளின் பெயரைக் கேட்டு எழுதிவைப்பதும் கலைச்சொல் வேலைதான். அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.