நீரிழிவுக்குக் குலமுண்டோ?

நம் மரபினர் இல்லத்து விசேஷமொன்றில் அண்மையில் யாம் பந்தியிலமர்ந்திருந்தபோது, அடுத்த இலையிலிருந்த பெரியவரொருவர், இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே, "சர்க்கரை வியாதி நம்மவர் இரத்தத்தில் ஊறியது, என் பாட்டனாருக்கு இருந்தது, தகப்பனாருக்கு இருந்தது, எனக்கும் வந்தது, விதித்ததை விலக்க யாரால் ஆகும்?" என்றார். அதே பந்தியிலிருந்த மற்றொருவர், தம் மகளுக்கு அந்நோய் கண்டிருப்பது வெளிப்பட்டாற் சம்பந்தம் கூடிவாராதென்று அஞ்சி, மருத்துவரை அயலூரிற் கண்டு, மருந்தையும் ஒளித்து வைத்து வருபவர். ஒருவர் விதியென்று வாளாவிருக்கின்றார். ஒருவர் குலப்பழியென்று மறைக்கின்றார். இருவர் செயலுக்கும் அடியிலிருப்பது, நீரிழிவு என்பது ஒரு குலத்தின் இரத்தத்திற்கு உரிய பிதிரார்ஜித சொத்து என்னும் ஒரே எண்ணமாம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் மெய்யென்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இந்நோயை நம் நாட்டு முன்னோர் நன்கறிந்திருந்தனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு அதன் இனிமையை உணர்ந்து, மதுமேகமெனப் பெயரிட்டனர். சரகரும் சுசுருதரும் இதனை விரித்துரைத்துள்ளனர். சுசுருதர், பிறவியோடு வருவது, தகாத உணவால் வருவது என இருவகைப்படுத்தி, முன்னதனை உடையார் மெலிந்தவரென்றும், பின்னதனை உடையார் பருத்தவரென்றும் குறித்தனர். பின்னதற்கு அவர் கூறிய பரிகாரம் நகைப்பிற்கிடமாகத் தோன்றினும் ஆழ்ந்த பொருளுடையது: வறியவனாயின் குடையும் செருப்புமின்றி இரந்துண்டு நூறு யோசனை நடக்கவேண்டும், அன்றேற் கிணறு வெட்டவேண்டும். அவர் எக்குலத்தார்க்கு இந்நோய் உரியதென்று எழுதினாரல்லர். எவ்வாறு உண்டு எவ்வாறு இருப்பார்க்கு உரியதென்றே எழுதினார். அக்கிணறு வெட்டலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். தண்ணீரைப் பற்றிப் பின்னர்ப் பேச நேரும்.

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வைத்தியர்கள் இந்நோயை ஒரு ஜாதியார் தலையிற் கட்டத் தொடங்கினர். ஜெர்மனியில் இதற்கு 'யூதர் நோய்' என்றே ஒரு பெயர் வழங்கிற்று. யூதர்களுடைய நரம்பு மெலிவு, வாணிகக் கவலை, உறவுக்குள் மணஞ்செய்தல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. யூதர்களிற் பெரும்பாலார் நகரவாசிகளாயிருந்தனர் என்பதையும், மருத்துவரை நாடிச் சோதித்துக்கொண்டோர் அவர்களுள் மிகுதி என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. 1907-ஆம் ஆண்டில் உஷ்ணப் பிரதேசங்களில் நீரிழிவு என்னும் விஷயம் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் விவாதிக்கப்பட்டபோது, அப்பழி வங்காளத்துக் கற்றறிந்த கனவான்கள்பாற் சென்றது. நாற்காலியை விட்டெழாத வக்கீல்களும் நியாயாதிபதிகளும் உத்தியோகஸ்தர்களுமே இதற்கு இரையாவாரென்பது அன்றைய மருத்துவர் கண்டது. கண்டது பொய்யன்று, ஆயின் அதனைச் சிலர் ஓர் இனத்தின் இயல்பாகக் கொண்டதே பிழை. ஆக, ஒரு தலைமுறைக்குள் இந்நோய் இரண்டு குலங்களை மாற்றிக்கொண்டது!

இனி, இரத்தமா வாழ்க்கையா என்னும் இவ்வழக்கிற்குச் சிறந்த சாட்சி எங்குளது எனின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிஸோனா மாகாணத்தில், ஹீலா நதிக்கரையில் வாழும் பீமா என்னும் ஆதிகுடிகளின் சரித்திரத்தில் உளது. உலகத்திலேயே நீரிழிவு மிகுந்த மக்களென இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பேரெடுத்தோர் இவர்களே.

பீமா என்பது அயலார் இட்ட பெயர். ஸ்பானியர் வினவியதற்கெல்லாம் 'தெரியாது' என்னும் பொருள்படத் தம் மொழியில் அவர்கள் விடை கூற, அதனையே குலப்பெயராகக் கொண்டுவிட்டனர் என்ப. தம்மை அவர்கள் 'அகிமெல் ஓதாம்' என்பர். நதி மக்கள் என்பது பொருள். பெயருக்கேற்ப, பாலைவனத்து நடுவே நதிநீரை வாய்க்கால்களிற் பாய்ச்சி வேளாண்மை செய்தவர்கள். அவர்கள் வாழும் பள்ளத்தாக்கில் ஹோஹோகம் எனப்படும் பழங்குடியினர் வெட்டிய நெடுங்கால்வாய்களின் தடங்கள் இன்றும் காணப்படுகின்றன. சோளம், பூசணி, வறட்சியைத் தாங்கும் தெப்பரி என்னும் சிறு அவரை, மெஸ்கீட் மரத்தின் நெற்று, கள்ளிப் பழம், ஆற்று மீன் ஆகியவை அவர்தம் உணவு. ஸ்பானியர் வருகைக்குப்பின் கோதுமையும் விளைவித்தனர். 1849-இல் கலிபோர்னியாவிற் பொன் தேடி ஓடிய ஆயிரக்கணக்கான வழிப்போக்கர்க்கு, பாலைவனத்திற் பசியாற்றியவர்கள் இவர்களே. பின்னர் அரசாங்கத்துச் சேனைக்கும் கோதுமை விற்றனர். உழைத்துண்டு மிஞ்சியதை விற்ற குடியானவர் என்பதை ஈண்டு வற்புறுத்துகின்றோம். ஏனெனில், இவர்கள் என்றென்றும் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்னும் கற்பனையின்மேற் பின்னாளில் ஒரு கொள்கையே எழுப்பப்பட்டது.

உதவி பெற்றோர் செய்த கைம்மாறு யாது? நதியின் மேற்பாகத்திற் குடியேறிய வெள்ளையர் தண்ணீரைத் தம் வயல்களுக்குத் திருப்பினர். 1880-களின் பிற்பகுதியில் ஃபிளாரன்ஸ் என்னும் ஊரின் அருகே வெட்டப்பட்ட பெருங்கால்வாய் எஞ்சிய நீரையும் கொண்டுபோயிற்று. ஹீலா நதி மணலாயிற்று. வயல் காய்ந்தது, மீன் ஒழிந்தது, வயிற்றுக்கின்றி மெஸ்கீட் மரங்களையும் வெட்டி விறகாக விற்றனர், அதனால் அந்நெற்றும் போயிற்று. அந்தோ! நதி மக்கள் நதியில்லா மக்களாயினர். 1930-இற் கூலிட்ஜ் அணை திறக்கப்பட்டபோது, நீர்த்தேக்கத்திற் புல் முளைத்திருந்ததைக் கண்ட வில் ராஜர்ஸ் என்னும் விகடர், இந்த ஏரி தமதாயின் புல்லை அறுத்து விடுவதாகச் சொல்லிச் சிரிப்பித்தார். பீமாக்களுக்கு நகைக்க நேரமில்லை. அரசாங்கத்தார் பங்கிட்டளித்த வெள்ளை மாவும், பன்றிக் கொழுப்பும், சர்க்கரையும் அவர்தம் அடுப்பிற் குடியேறின. மாவைக் கொழுப்பிற் பொரித்தெடுக்கும் ரொட்டியை இன்று அவர்களது பழைய பண்டமென்று கருதுவோர் பலர். உண்மையில் அது பறிகொடுத்தார் உணவேயாகும்.

இனி நோயின் கணக்கைப் பார்ப்போம். 1908-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட ஹிர்ட்லிச்கா என்னும் மானிடவியல் மருத்துவர் பீமாக்களிடையே ஒரேயொரு நீரிழிவு நோயாளியையே குறித்துள்ளார். 1940-இற் பாஸ்டன் நகரத்து நீரிழிவு நிபுணர் ஜாஸ்லின், அரிஸோனாவின் ஆதிகுடிகளிடம் இந்நோய் ஏனையோரினும் மிகுதியன்று என்றே முடிவு கட்டினார். 1963-இலோ கதை வேறு. மூட்டு வாதத்தை ஆராயவேண்டி, குளிர் நாட்டுக் குடியொன்றையும் வெப்ப நாட்டுக் குடியொன்றையும் ஒப்பிட எண்ணி, தாமஸ் பர்ச், பீட்டர் பென்னெட் முதலியோர் அரசாங்கச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தனர். வாதத்தைத் தேடி வந்தவர் கண்டது சர்க்கரை. 1965 முதல் அம்மக்களைத் தொடர்ந்து சோதித்ததில், 35 வயதைக் கடந்தோரிற் பாதிப்பேர் வரை நோயுற்றிருந்தமை வெளியாயிற்று. ஒரு குலத்தின் இரத்தம் அறுபதாண்டுகளில் மாறுமோ? மாறாது. மாறியது நதி.

இவர்கள் உலகிற்குத் தந்த கொடையையும் சொல்லாது விடுதல் நன்றியன்று. பலமுறை கைந்நீட்டி இரத்தம் கொடுத்தனர். குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரங்கழித்து இரத்தத்திற் சர்க்கரை 200 மில்லிகிராம் ஆயின் நீரிழிவென்று இன்று நம்மூர்ச் சோதனைச் சாலைகளிலும் சொல்லுகின்றனரன்றோ? அவ்வெல்லை 1979, 1980-ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்டதற்குப் பீமாக்களிடம் கண்ட கணக்கு ஒரு முக்கிய ஆதாரம். (ஹீலா நதியின் பெயர் தாங்கிய நச்சுப் பல்லியொன்று உளது, அதன் நஞ்சில் 1992-இற் கண்ட ஒரு பொருளிலிருந்து பிறந்ததே 2005 முதல் வழங்கும் எக்ஸெனடைட் என்னும் நீரிழிவு ஊசி மருந்து. அந்நதியால் உலகம் பெற்ற நன்மை இவ்வாறும் ஒன்று!)

ஆயின் அறிஞருலகம் முதலிற் பற்றிக்கொண்டது மரபணுக் கொள்கையையே. 1962-இல் ஜேம்ஸ் நீல் என்பார், பஞ்சகாலத்திற் பிழைக்கவேண்டிச் சிக்கனமாய்க் கொழுப்பைச் சேமிக்கும் தன்மை சிலர்க்குப் பரம்பரையாக வந்ததென்றும், உணவு மலிந்த காலத்தில் அதுவே நோயாயிற்றென்றும் ஊகித்தார். பீமாக்கள் அதற்கு உதாரணமாக எங்கும் எடுத்துக்காட்டப்பட்டனர். நீல் தாமே பிற்காலத்தில் அவ்வூகத்தைத் திருத்திக்கொண்டார்; அம்மக்களின் நோய்ப் பெருக்கத்தை விளக்கவல்ல அத்தகைய தனி மரபணு இன்றுவரை அகப்படவுமில்லை. ஆயினும் கொள்கை தளர்ந்தபின்னும் பழி நின்றது. குழந்தைகள், தமக்கும் இது வந்தே தீருமென்று எண்ணி வளர்ந்தால், அதற்கு அவர்களையா நோவது?

இவ்வழக்கிற்கு விடை மலைக்கு அப்பாலிருந்து வந்தது. மெக்ஸிகோ நாட்டின் ஸொனோரா மாகாணத்தில், மலைத்தொடரின்கண் மைக்கோபா என்னும் சிற்றூரைச் சுற்றிலும் பீமாக்களின் நெருங்கிய உறவினர் வாழ்கின்றனர். அவர்கள் நதியை எவரும் பறிக்கவில்லை. தம் கையால் உழுது, விறகு வெட்டி, அவரையும் சோளமும் உருளைக்கிழங்கும் உண்டு வந்தனர். 1995-இல் அவர்களைச் சோதித்த முடிவு 2006-இல் வெளியாயிற்று: அவருள் நீரிழிவுற்றோர் நூற்றுக்கு 6.9, அரிஸோனாவிலுள்ள உறவினருள் 38, மைக்கோபாவிற் பக்கத்து வீட்டில் வாழும் வேற்றினத்து மெக்ஸிகோவினருள் 2.6. ஒரே மரபு, ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் முப்பத்தெட்டு!

யாம் இரத்தம் ஒன்றுமில்லை என்று கூறுவோமல்லேம். பெற்றோர் இருவர்க்கும் நோயிருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி என்பது மெய்யே. ஆனால் 'பரம்பரை' என நாம் எளிதிற் சொல்வதனுள்ளும் ஒரு நுட்பம் உளது. 1988-இல் வெளியான பீமாக்களின் கணக்கு ஒன்று எம் நெஞ்சை விட்டகலாதது. 20 முதல் 24 வயதுவரை உள்ளாருள், தாய் கருவுற்றிருந்தபோதே நீரிழிவுடையவளாயின் பிள்ளைகளில் நூற்றுக்கு 45 பேர் நோயுற்றனர். பிரசவத்திற்குப் பின்னரே தாய்க்கு நோய் கண்டதாயின் 8.6, தாய்க்கு நோயே இல்லையாயின் 1.4. இரண்டாம் வகைத் தாயும் அதே நோய்ப் பரம்பரையைச் சேர்ந்தவளே. ஆயினும் கருவிலிருந்த காலத்துச் சர்க்கரையே ஐந்து மடங்கு வேற்றுமை செய்தது. மகளுக்குள்ள நோயை ஒளிக்கும் தந்தையார் இதனைச் செவிமடுக்கவேண்டும். மறைத்து மணமுடித்து, மறைவாகவே கருவுற்று, மருந்துமின்றி அப்பெண் பத்து மாதம் சுமப்பாளாயின், குலத்தைக் காத்தவராவாரா, குலத்திற்கு நோயை ஊட்டியவராவாரா? வெளிப்படச் சொல்லிச் சர்க்கரையை அடக்கிய தாய்க்கு நற்குழந்தை பிறப்பதை மருத்துவர் நாள்தோறும் காண்கின்றனர்.

தடுத்தலைப் பற்றியும் இருவேறு மக்களிடம் சோதித்த முடிவுகள் உள. அமெரிக்காவில், ஆதிகுடிகள் உள்ளிட்ட பல இனத்தாரில், நோயின் வாயிலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், எடையிற் சிறிது குறைத்து வாரத்திற்கு 150 நிமிடம் நடந்தவர்க்கு நோய் வரவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததென்றும், மெட்பார்மின் மாத்திரை உண்டோர்க்கு 31 பங்கே குறைந்ததென்றும் 2002-இல் அறிவித்தனர். எவ்வினத்தார்க்கும் நடை பயன்பட்டது. நம் நாட்டிற் சென்னை மருத்துவர்கள் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், உணவும் நடையும் திருத்தியோர்க்கு மூன்றாண்டில் நோய் வரவு 28.5 பங்கு குறைந்தது. இதில் எடை பெரிதும் குறையாமலே பயன் விளைந்தது குறிப்பிடத்தக்கது. நம்மவர் உடல், தோற்றத்தில் ஒல்லியாயிருப்பினும் வயிற்றிற் கொழுப்புச் சேரும் இயல்பினது. ஆதலின் 'யான் பருத்தவனல்லேன்' என்று நம்பிச் சோதியாதிருத்தல் கூடாது. 2023-இல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர். இதனை இன்னும் ஒரு குலத்து நோயென்பார் எத்தனை குலங்களை எண்ணுவரோ!

பீமாக்களின் கதை அவ்வளவில் முடியவில்லை. 1997-இல் அமெரிக்க அரசாங்கம் ஆதிகுடிகளின் நீரிழிவிற்கெனத் தனி நிதி ஏற்படுத்திற்று. வீடுதேடிச் செல்லும் சுகாதார ஊழியரும், சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மருந்தும், கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாடும் ஊர்தோறும் வந்தன. 1996 முதல் 2013 வரையுள்ள காலத்தில், நீரிழிவால் சிறுநீரகம் செயலிழக்கும் கேடு அந்நாட்டு ஆதிகுடிகளிடையே நூற்றுக்கு 54 பங்கு குறைந்தது. அவ்வளவு பெரிய வீழ்ச்சியை அந்நாட்டில் வேறெவ்வினத்தாரும் கண்டிலர். இரத்தம் அதே இரத்தந்தான்.

2004-இல் அமெரிக்கச் சட்டசபை இயற்றிய சட்டத்தால், ஹீலா நதிச் சமூகத்தார்க்கு ஆண்டுதோறும் 6,53,500 ஏக்கர்-அடி நீர் உரியதென ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிப் பெற்ற நீர் அது. வறண்டு கிடந்த வாய்க்கால்களிற் சில மீண்டும் செப்பனிடப்பட்டு ஓடுகின்றன. அவற்றின் கரையில், பாட்டிமார் நினைவில் மட்டும் இருந்த தெப்பரி அவரையை இன்று பேரப்பிள்ளைகள் விதைக்கின்றனர்.